தம்டிரைவின் குறையா, லினக்ஸின் குறையா? ஈசூன் மடிக்கணினி ஒன்றின் சோதனை

சிங்கப்பூரின் ஈசூனில் தம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் மடிக்கணினியைப் பற்றியது இது. இன்டெல் கோர் ஐ5, ஏழாம் தலைமுறை. 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி. திரையில் கீறல் இல்லை, விசைகளில் ஓர் எழுத்துகூடத் தேயவில்லை. ஆனாலும் கணினிக் கடை ஒன்றில் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல விண்டோஸ் 11 ஏறாது டீச்சர், புதுசு வாங்கிடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாக்கியத்தில் முதல் பாதி உண்மை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், சில விதிவிலக்குகள் போக, இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடுகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. இரண்டாம் பாதிதான் அவசரப்பட்டுச் சொன்னது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்பெடுக்க ஒப்புக்கொண்டால் காசு கொடுக்காமலேயே அதில் சேரலாம்.

டீச்சரும் நானும் முதலில் செய்தது அதைத்தான். அடுத்து, விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தை, கணினியில் நிறுவாமல் தம்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். லினக்ஸைச் சோதிக்கப் போகிறவர் விண்டோஸை முதலில் பத்திரப்படுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து. கழுத்துக்குக் கத்தி இருக்கும்போது செய்கிற சோதனை சோதனையாக இருக்காது. ஒன்று, பிடிக்காததையும் பிடித்ததாகச் சொல்லிக்கொள்வோம். அல்லது முதல் தொல்லையிலேயே கைவிட்டுவிடுவோம்.

வாரத்து வேலைகள்

நான் ஓர் அலுவலகத்தில் கணினி உதவிப் பிரிவில் வேலை பார்ப்பவன். தம்டிரைவில் லினக்ஸைப் போட்டு ஓட்டிப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் செய்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மெனுவைத் திறந்து மூடுவார்கள், பின்புலப் படத்தை மாற்றுவார்கள், யூடியூபில் ஒரு பாட்டு ஓடினால் "நல்லா ஓடுது" என்பார்கள். இதனால் தெரியவருவது மிகக் குறைவு. உலாவி எந்த லினக்ஸிலும் ஓடும். சோதிக்க வேண்டியது நம் சொந்த வேலையை.

அதனால் டீச்சரிடம் ஒரு தாளைக் கொடுத்து, வாரத்தில் இந்தக் கணினியில் என்னென்ன செய்கிறார் என்று எழுதச் சொன்னேன். "எல்லாருக்கும் நான்தான் ஹோம்வர்க் கொடுப்பேன், எனக்கே ஹோம்வர்க்கா தம்பி?" என்று சிரித்துக்கொண்டே எழுதினார். தொடக்கநிலை மாணவர்களுக்கான பயிற்சித்தாள் தயாரிப்பது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டச்சு. ஸூமில் வகுப்பு, அதில் சிறிய பேனாப் பலகையைக் கொண்டு எழுத்து எழுதிக் காட்டுவது. அச்சிடுவது, மாணவர் எழுதிய கட்டுரையை ஸ்கேன் செய்வது. அரசாங்கச் சேவைகளுக்கான சிங்பாஸில் நுழைந்து மசேநிதி (மத்திய சேம நிதி) கணக்கையும் வருமான வரியையும் பார்ப்பது. கட்டணக் கணக்குக்கு ஓர் எக்செல் கோப்பு. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு பக்கங்களைத் தேடிக் கருத்தறிதல் பயிற்சிக்குப் பத்தி எடுப்பது. கடைசி வரியாக, "பழைய தாள்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்த இரண்டு சொல்லில்தான் பெரிய வேலை ஒளிந்திருந்தது.

தம்டிரைவைத் தயாரித்தது

லினக்ஸின் பல வகைகளில் லினக்ஸ் மின்ட் 22 வரிசையைத் தேர்ந்தெடுத்தேன். உபுண்டு என்னும் இன்னொரு லினக்ஸ் வகையின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை மேம்பாடுகள் கிடைக்கும். விண்டோஸிலிருந்து வருபவருக்குக் கீழ்ப்பட்டையும் மெனுவும் பழகிய இடத்திலேயே இருக்கும். வேறு எதையும் எடுத்திருக்கலாம்; இதைப் பற்றி நண்பர்களிடையே நடக்கும் வாதங்களில் எனக்கு ஆர்வம் போய்விட்டது.

மின்ட் முழுவதையும் அடக்கிய ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. இறக்கியதும், கோப்பு மாறாமல் வந்திருக்கிறதா என்று காட்டும் அதன் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்த்தோம். விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளை போதும். இதை யாரும் செய்வதில்லை. ஆனால் 2016 பிப்ரவரியில் இதே மின்ட்டின் இணையத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள், பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த சரிபார்ப்பு எண்ணையும் மாற்றினார்கள் என்று செய்தி வந்தது. அதனால் எண்ணை ஒரே இடத்தில் பார்க்காமல் வேறிடத்திலும் ஒப்பிடுவது நல்லது.

கோப்பைத் தம்டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. ரூஃபஸ் போன்ற ஒரு நிரலால் எழுத வேண்டும். எழுதும்போது தம்டிரைவில் முன்பிருந்த எல்லாம் அழிந்துபோகும் என்பதால், பேரப்பிள்ளைகளின் படம் இருந்த தம்டிரைவை டீச்சர் நீட்டியபோது வேண்டாம் என்று சொல்லி, என்னிடமிருந்த 32 ஜிபி யுஎஸ்பி 3 டிரைவை எடுத்துக்கொண்டேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கும் டிரைவுகளில் சில, உறையில் போட்டிருக்கும் கொள்ளளவு இல்லாதவை. அவை ஒரு கட்டத்துக்கு மேல் எழுதியதைத் தொலைத்துவிடும். அப்படிப்பட்ட டிரைவில் லினக்ஸ் பாதியில் நின்றால் பழி லினக்ஸின் தலையில் விழும்.

ஏற்றும் முன்

விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது சாதனக் குறியாக்கம் இயங்குகிறதா என்று பார்ப்பது கட்டாயம். இயங்கினால் 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளாமல் பயாஸ் (கணினியின் அடிப்படைத் தொடக்க அமைப்பு) பக்கமே போகக் கூடாது. ஒப்பமில்லாத தொடக்க நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைப்பது, தொடக்க வரிசையை மாற்றுவது போன்ற சின்ன மாற்றத்துக்கும் விண்டோஸ் அடுத்த முறை அந்தச் சாவியைக் கேட்டு நிற்கலாம். டீச்சருடையதில் குறியாக்கம் இல்லை. செக்யூர் பூட்டையும் நாங்கள் தொடவில்லை. மின்ட்டின் தொடக்க நிரல் முறையாக ஒப்பமிடப்பட்டது. செக்யூர் பூட் இயங்கும்போதே ஏறிவிடும். ஆனால் அலமாரியில் கிடக்கும் பழைய ஐஎஸ்ஓவை எடுத்து ஏற்றப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் மேம்பாடு ஒன்று, பழைய தொடக்க நிரல்களை ஏற்றவிடாமல் தடுக்கிறது. "எஸ்பிஏடி" என்ற சொல்லோடு ஒரு பிழை வந்து கணினி அணைந்தால், புதிய ஐஎஸ்ஓவை இறக்குவதுதான் வழி.

ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு விண்டோஸில் மறுதொடக்கம் கொடுத்து, வரும் பட்டியலில் யுஎஸ்பி சாதனத்தைத் தேர்ந்தெடுத்தோம். சற்று நேரத்தில் மின்ட்டின் திரை வந்தது. உள்ளே நடப்பது இதுதான்: தம்டிரைவில் இருக்கும் அமைப்பு சுருக்கப்பட்டது, படிக்க மட்டுமே முடியும். நாம் செய்யும் மாற்றங்கள் நினைவகத்தில் தனி அடுக்காகப் படிகின்றன. பாடப்புத்தகத்தின் மேல் கண்ணாடித் தாளை விரித்து எழுதுவதுபோல என்று டீச்சருக்குச் சொன்னேன். கணினியை அணைத்தால் தாள் போய்விடும், புத்தகம் அப்படியே இருக்கும்.

இதைக் கேட்டதும் "அப்ப என்ன செஞ்சாலும் ஒண்ணும் ஆகாது" என்றார். அப்படியில்லை. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி இந்த அமைப்புக்கும் தெரியும். அதில் இருப்பதை அழிக்கவும் முடியும். முகப்புத் திரையில் நிறுவுவதற்கான ஒரு படவுரு இருக்கும். அதை மட்டும் தொடக் கூடாது என்பது எங்கள் உடன்படிக்கை. மறுதொடக்கம் கொடுக்காமல், விண்டோஸை வழக்கம்போல் அணைத்துவிட்டுத் தம்டிரைவிலிருந்து ஏற்றிய நாள்களில் விண்டோஸ் பகுதி படிக்க மட்டும் திறந்தது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி விண்டோஸை முழுதாக அணைக்காமல் அரைத்தூக்கத்தில் வைப்பதால் லினக்ஸ் அதில் எழுத மறுக்கிறது. இதைப் பலர் கோளாறு என்று நினைத்து அணைக்கச் சொல்வார்கள். சோதனைக் காலத்தில் அது ஒரு பூட்டு. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

யாருடைய குறை?

தம்டிரைவிலிருந்து ஓடும் அமைப்பு இரண்டு பக்கமும் பொய் சொல்லும். நிறுவினால் வராத தொல்லைகளைக் காட்டும். நிறுவினால் வரும் தொல்லைகள் சிலவற்றை மறைக்கும். அதனால் டீச்சர் சொன்ன ஒவ்வொரு குறையையும் எழுதி, பக்கத்திலேயே அது யாருடைய குறை என்றும் எழுதினோம். சோதனையின் பயன் முழுவதும் பக்கத்தில் எழுதிய அந்தக் குறிப்பில்தான் கிடைத்தது.

"ரொம்ப மெதுவா இருக்கு" என்பதுதான் முதல் புகார். வேர்டு, எக்செல் போன்ற வேலைகளைச் செய்யும் லிப்ரெஆபிஸ் திறக்கும்வரை அவர் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். தொடக்கப் பட்டியலில் அந்த வரியைத் திருத்தி "டூரேம்" என்ற சொல்லைச் சேர்த்து மீண்டும் ஏற்றினேன். அப்படிச் செய்தால் அமைப்பு முழுவதும் முதலிலேயே நினைவகத்துக்கு வந்துவிடும். தொடங்கக் கூடுதல் நேரம் ஆனது. அதன்பின் லிப்ரெஆபிஸ் சட்டென்று திறந்தது. ஆக, மெதுவானது தம்டிரைவ், கணினியுமில்லை, லினக்ஸுமில்லை. 8 ஜிபி நினைவகம் இருந்ததால் இது முடிந்தது. 4 ஜிபி கணினியில் மூச்சு முட்டும்.

ஒவ்வொரு தடவையும் வைஃபை கடவுச்சொல் கேட்பது, புளூடூத் காதொலிப்பானை மீண்டும் இணைக்க வேண்டியது, உலாவியில் மீண்டும் மீண்டும் நுழைய வேண்டியது, இவையெல்லாம் தம்டிரைவின் கணக்கு. கைரேகை உணரி இயங்கவில்லை. இது லினக்ஸின் கணக்கு; அந்த உணரிக்கு இயக்கி (டிரைவர் மென்பொருள்) இல்லை, நிறுவினாலும் வராது. மூடியை மூடித் திறந்தால் விழித்தெழுகிறதா என்று பார்த்தோம், விழித்தது.

கடிகாரம்தான் சுவையான விஷயம். மாலை 4 மணி வகுப்புக்கு உட்கார்ந்தால் திரையில் காலை 8 மணி. சோதனைத் திரை உலக நேரத்தில் ஓடுவதால் சிங்கப்பூருக்கு 8 மணி நேரம் பின்னால் காட்டுகிறது. அதோடு நிற்கவில்லை. மறுநாள் விண்டோஸைத் திறந்தால் அங்கும் 8 மணி நேரம் பின்தங்கியிருந்தது. தாய்ப்பலகையிலுள்ள கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் நினைக்கிறது. உலக நேரம் இருப்பதாக லினக்ஸ் நினைக்கிறது. இணையத்திலிருந்து நேரத்தை வாங்கிய லினக்ஸ், தன் வழக்கப்படி அந்தக் கடிகாரத்தைத் திருத்திவிட்டது. விண்டோஸின் நேர அமைப்பில் இப்போதே ஒத்திசைக்கும் பொத்தானை அழுத்தினால் சரியாகிவிடும். ஆனால் காரணம் தெரியாதவர் "லினக்ஸ் என் விண்டோஸைக் கெடுத்துவிட்டது" என்றுதான் சொல்வார். (1982-க்கு முன்பு என்றால் வித்தியாசம் ஏழரை மணி நேரமாக இருந்திருக்கும். அந்தப் புத்தாண்டில்தான் சிங்கப்பூர் அரை மணி நேரத்தை முன்தள்ளியது. டீச்சருக்கு அது நன்றாக நினைவிருந்தது.)

ஸூம், பேனாப் பலகை, கேமரா எல்லாம் சொன்னபடி கேட்டன. அச்சுப்பொறி வைஃபை வழியே தானாகவே தெரிந்தது. ஏர்பிரிண்ட் வசதியுள்ள அச்சுப்பொறிகளுக்குத் தனி இயக்கி தேவைப்படாது. ஸ்கேனும் வந்தது. சிங்பாஸ் கைப்பேசியில் கியூஆர் குறியைப் பிடிப்பதுதானே, உலாவி போதும்.

தமிழ்

"அம்மா" என்று அடித்துப் பாருங்கள் என்றேன். தமிழ்99-இல் பழகியவர் அ, ம, ம, ஆ என நான்கு விசைகளை அழுத்துவார். முதல் மகரத்துக்குப் புள்ளி தானாக விழும், இரண்டாவது மகரம் ஆகாரத்தோடு சேர்ந்து "மா" ஆகும். மின்ட்டின் விசைப்பலகை அமைப்பில் தமிழ் என்று தேடி "தமிழ்நெட் 99" என்பதைச் சேர்த்திருந்தோம். டீச்சர் அடித்தார். புள்ளி விழவில்லை. இரண்டு மகரமும் தலையில் ஒன்றுமில்லாமல் நின்றன.

"இது தமிழ்99 இல்ல தம்பி" என்று கணினியை என் பக்கம் திருப்பினார்.

அவர் சொன்னது சரி. அந்தப் பட்டியலில் இருப்பது விசைக்கு ஓர் எழுத்து என்ற அளவிலான அமைப்பு. முந்தைய எழுத்து என்ன என்று பார்த்துப் புள்ளி வைக்கும் அறிவு அதற்கு இல்லை. அந்த அறிவு ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரலில், எம்17என் என்ற தொகுப்புக்குள் வரும் தமிழ்99-இல் இருக்கிறது. அதை நிறுவி, ஐபஸில் சேர்த்ததும் "அம்மா" வந்தது, "தங்கம்" வந்தது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. லினக்ஸில் தமிழ் சரியாக வராது என்று கைவிட்ட பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பயிற்சித்தாள். வேர்டில் லதா எழுத்துருவில் கச்சிதமாக ஒரு பக்கத்தில் நின்ற கருத்தறிதல் தாள், லிப்ரெஆபிஸில் இரண்டாம் பக்கத்துக்கு மூன்று வரி வழிந்தது. லதா மைக்ரோசாஃப்டின் சொத்து, மின்ட்டில் இல்லை. அதற்குப் பதில் வந்த எழுத்துரு சற்று அகலம். விடை எழுதும் கோடுகள் எல்லாம் இடம் நகர்ந்திருந்தன. புதிய தாள்களை நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவிலேயே தொடங்கி, மாணவர்களுக்குப் பிடிஎஃப் ஆக அனுப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. இன்னும் பயன்படும் தாள்களை மட்டும் திறந்து திருத்தினால் போதும் என்று டீச்சரே முடிவு செய்தார்.

பிறகு "பழைய தாள்கள்". தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து சேர்த்து வைத்த வினாத்தாள்களும் கட்டுரைகளும். திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் மேல் கொம்பும் வாலும் முளைத்த வரிகள். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997-இல் சிங்கப்பூரிலேயே நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999-இல் சென்னையில் கூடிய மாநாட்டிலிருந்துதான் தமிழ்99 விசைப்பலகை வந்தது. டீச்சரின் கோப்புறையைத் தேதிவாரியாக அடுக்கினால் அந்த வரலாறு அப்படியே தெரிகிறது. மூன்று விதக் குறியீடுகள், பின்பு 2000-களின் நடுவிலிருந்து யூனிகோடு.

இந்தக் குறையை யார் கணக்கில் எழுதுவது? லினக்ஸின் கணக்கில் எழுதத்தான் டீச்சர் பேனாவை எடுத்தார். நான் தடுத்தேன். விண்டோஸில் அவை தெரிவதற்கு ஒரே காரணம், பழைய எழுத்துருக் கோப்புகள் அங்கே நிறுவப்பட்டிருப்பதுதான். அவற்றை எடுத்து மின்ட்டில் இருமுறை சொடுக்கி நிறுவினோம்; பெரும்பாலான தாள்கள் படிக்கும்படி வந்தன. ஆனால் அதுவும் ஒட்டுப்போட்டது போலத்தான். விண்டோஸிலும் அவற்றைத் தேட முடியாது, கைப்பேசியில் திறக்க முடியாது. புதிய மடிக்கணினி வாங்கியிருந்தாலும் இதே இடத்தில்தான் நின்றிருப்பார். யூனிகோடுக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வேலையை விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே, சரிபார்த்துச் சரிபார்த்து முடித்தோம். சோதனைக் காலத்தில் மிக அதிக நேரம் பிடித்தது இதுதான்.

நினைவுள்ள தம்டிரைவ்

எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவையும் புதிதாக அமைக்க முடியாது என்பதால், இரண்டாம் கட்டமாக, ஐஎஸ்ஓ கோப்பிலிருந்தே நேரடியாகத் தொடங்க உதவும் வெண்டாய் நிரலைத் தம்டிரைவில் போட்டு, மாற்றங்களைச் சேமிக்கும் ஒரு கோப்பையும் இணைத்தேன். அப்போது ஐபஸ், எழுத்துரு, வைஃபை எல்லாம் நிலைத்தன. டீச்சர் தனியாகவே வகுப்பு எடுக்கத் தொடங்கினார். இதில் ஒரே கட்டுப்பாடு: மின்ட்டின் மேம்பாட்டு மேலாளர் நிரல் எவ்வளவு கெஞ்சினாலும் முழு மேம்பாட்டுக்குச் சம்மதிக்கக் கூடாது. சேமிப்புக் கோப்பு நிரம்பிவிடும். புதிய கெர்னல் (லினக்ஸின் மையக் கரு) இறங்கினாலும் பயனில்லை, தொடக்கம் எப்போதும் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் பழைய கெர்னலிலிருந்துதான். அதனால் இப்படிப்பட்ட தம்டிரைவை நிரந்தர ஏற்பாடாக யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. சோதிக்கலாம், ஊருக்கு எடுத்துப் போகலாம், அவ்வளவுதான்.

முடிவு

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் நிறுவி, தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இரட்டைத் தொடக்கம் வேண்டாம் என்று நான் சொன்னேன். ஒரே எஸ்எஸ்டியில் இரண்டையும் வைத்து, ஒரு மேம்பாட்டில் ஒன்று மற்றொன்றின் தொடக்கத்தைக் கெடுத்தால், செவ்வாய்க்கிழமை மாலை வகுப்புக்கு முன் யார் வந்து பார்ப்பது? அடிமூடியைத் திறந்து, விண்டோஸ் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி, யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு டீச்சரிடம் கொடுத்தோம். புதிய எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி அதில் மின்ட்டை நிறுவினோம். பழையது வேண்டுமென்றால் ஒரு திருகாணித் திருப்பியோடு திரும்பிவிடலாம்.

கழற்றியதில் இன்னொரு லாபமும் உண்டு. மின்ட்டின் நிறுவும் நிரலுக்கு, வெளி டிரைவில் நிறுவச் சொன்னாலும் தொடக்க நிரலை உள் எஸ்எஸ்டியின் பகுதியில் எழுதிவிடும் பழக்கம் உள்ளது. பிறகு வெளி டிரைவைப் பிடுங்கினால் கணினி திணறும். வெளி எஸ்எஸ்டியில் லினக்ஸை முழுதாக நிறுவ நினைப்பவர்கள் உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டுச் செய்வதே நல்லது.

நிறுவியபின் "லினக்ஸின் குறை" என்று எழுதிய வரிகளில் மிஞ்சியது கைரேகை உணரி ஒன்றுதான். டீச்சர் கடவுச்சொல்லை அடித்து நுழைகிறார். எக்செல் கட்டணக் கோப்பில் ஒரு மேக்ரோ ஓடவில்லை. அது எதற்கு என்று யாருக்கும் நினைவில்லாததால் நீக்கிவிட்டோம். குறியீடு கண்டுபிடிக்க முடியாத சில பழைய கோப்புகள் அச்சிட்ட தாளாக மட்டும் இருக்கின்றன. விடுமுறையில் உட்கார்ந்து திரும்பத் தட்டச்சு செய்யப் போவதாகச் சொன்னார்.

வகுப்புக்கு மகனைக் கொண்டுவிட வந்த ஓர் அம்மா இதையெல்லாம் கவனித்துவிட்டு, மகனின் பள்ளி மடிக்கணினியிலும் இப்படித் தம்டிரைவைச் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டார். கூடாது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கற்றல் சாதனங்களில் சாதன நிர்வாக மென்பொருள் இருக்கிறது. அதைத் தாண்டிப் போவது பள்ளி விதிக்கு மாறானது. வீட்டில் வேறு பழைய கணினி இருந்தால் கொண்டுவாருங்கள் அக்கா என்றேன். ஸ்டோர்ரூமில் ஒன்று கிடக்கிறதாம், ஆறாம் தலைமுறை, சார்ஜரைத்தான் தேட வேண்டும் என்றார்.